பூமியைவிட இளைய பிரபஞ்சம்

பிரபஞ்சத்தின் வயது என்ன என்று கேட்டால் 1380 கோடி ஆண்டுகள் என்று பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் வராது. குற்றம் அவர்கள் மேல் இல்லை. எண்ணைக் கொடுக்கும் நாம், அதை எட்டிய கதையைக் கொடுப்பதில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

1929இல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள் ஒன்றைக் காட்டினார்: விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகிப் போகின்றன, தூரம் கூடக் கூட வேகமும் கூடுகிறது. (பெல்ஜிய இயற்பியலாளர் லெமெத்ர் 1927லேயே இந்த முடிவுக்கு வந்திருந்தார். அவருக்கு உரிய பெயர் கிடைக்கவே வெகுகாலம் ஆனது.) அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுகள். ஆனால் பாறைகளில் யுரேனியம் ஈயமாக மாறியிருக்கும் அளவை வைத்து, பூமிக்கே 300 கோடி வயது என்று 1940களில் புவியியலாளர் ஆர்தர் ஹோம்ஸ் கணக்கிட்டார். தாயைவிட மகள் மூத்தவள் என்ற நிலை!

சிக்கலை அவிழ்த்தவர் அமெரிக்காவில் பணியாற்றிய வானியலாளர் வால்டர் பாடே. ஜெர்மானியர் என்பதால் இரண்டாம் உலகப் போர்க்கால ஆராய்ச்சிகளில் அவரைச் சேர்க்கவில்லை. அப்போது போருக்காக லாஸ் ஏஞ்சலிஸ் நகரமே விளக்கைக் குறைத்திருந்தது. அந்நகருக்கு அருகிலுள்ள மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில், அந்த இருட்டில், பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதி விண்மீன்களைத் தனித்தனியாகப் படம் பிடித்தார். விண்மீன்களில் இரண்டு வகை உண்டு என்பது அதில் புலப்பட்டது. அப்புறம் பலோமாரின் 200 அங்குலத் தொலைநோக்கியில் பார்த்தபோது, தூரம் அளக்க நம்பியிருந்த, ஒளி சீராகக் கூடிக் குறையும் செஃபீட் விண்மீன்களிலும் இரண்டு வகை என்று உறுதியானது. பிரகாசமான வகையை மங்கலான வகையாக எடுத்துக்கொண்டதால் தூரமெல்லாம் பாதியாகத் தெரிந்திருந்தது. 1952இல் ரோமில் நடந்த வானியலாளர் மாநாட்டில் பாடே இதை அறிவித்தார். தூரம் இரட்டித்தால் அவ்வளவு தூரம் விலக எடுத்த காலமும் இரட்டிக்கும்; பிரபஞ்சத்தின் வயது ஒரே நாளில் இரட்டிப்பானது. 1958இல் வானியலாளர் ஆலன் சாண்டேஜ் மேலும் திருத்தி, இன்றைய அளவுக்கு அருகே கொண்டுவந்தார்.

"விஞ்ஞானிகள் அடிக்கடி மாற்றிச் சொல்வார்கள்" என்று அலட்சியமாகப் பேசுபவர்களிடம் இதைத்தான் சொல்வேன். மாற்றியது மனம்போன போக்கில் அல்ல. எங்கே பிசகியது என்று விண்மீனைக் காட்டி மாற்றினார்கள்.

இப்போதும் ஒரு முரண் இருக்கிறது. வயதைக் கணக்கிட உதவும் விரிவு வேகத்திலேயே அது இருக்கிறது. பிரபஞ்சத்தின் தொடக்க காலத்திலிருந்து வரும் ஆதி ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் கணக்கில் விரிவு வேகம், ஒரு மெகாபார்செக் (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) தூரத்துக்கு நொடிக்குச் சுமார் 67 கிலோமீட்டர். செஃபீட்களையும் சூப்பர்நோவாக்களையும் (வெடிக்கும் விண்மீன்கள்) வைத்து வானியலாளர் ஆடம் ரீஸ் குழு அளந்தால் 73. வெப் விண்வெளித் தொலைநோக்கியால் செஃபீட்களைச் சரிபார்த்த பிறகும் அந்த 73 இறங்கவில்லை. 1380 கோடி என்று கரும்பலகையில் எழுதும் ஆசிரியர்கள், பக்கத்திலேயே இந்த 67ஐயும் 73ஐயும் எழுத வேண்டும்.