ஜூலையில் ஐரோப்பா, அதுவும் தனியாக: என் ஓட்டு கலீசியாவுக்கு

"நாங்க பார்க்காத வெயிலா?" என்று சொல்லிக்கொண்டே ஜூலையில் ரோமுக்கும் ஏதென்ஸுக்கும் டிக்கெட் போடுகிற நம் ஊர்க்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. எண்ணை மட்டும் வைத்துப் பேசினால் சென்னையின் மே மாதத்துக்கு முன்னால் பாரிஸின் 36 டிகிரி ஒன்றுமே இல்லைதான். ஆனால் சென்னை மே மாதத்தில் உச்சி வெயிலில், முதுகில் பையை மாட்டிக்கொண்டு, கல் பாவிய தெருவில் நாலு மணி நேரம் நாம் யாராவது நடக்கிறோமா? வீட்டுக்கு வந்தால் தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. முக்குக்கு முக்கு மோர், இளநீர், எலுமிச்சை ஜூஸ். ஆறரை மணிக்குச் சூரியன் போய்விடும். பாரிஸில் ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு பத்து ஆகிறது. அதுவரை அந்தக் கல் சுவர்கள் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிறகு ராத்திரி முழுக்க அதை நம் மேல் கக்கும். சீலிங் ஃபேன் என்ற ஒன்றை அந்த ஊர்க் கட்டடங்களில் தேடினாலும் பார்க்க முடியாது. பழைய விடுதிகள் பலவற்றில் ஏசியும் இல்லை.

இதில் தனியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு கொடுமை உண்டு. விடுதிக்காரர்கள் ஒற்றை ஆளுக்கு எந்த அறையைத் தருவார்கள் தெரியுமா? மேல்மாடி, கூரைக்கு நேர் கீழே, சாய்வான சுவர், ஒரு சின்ன ஜன்னல். பாரிஸ் கூரைகள் பெரும்பாலும் துத்தநாகத் தகடு. படத்தில் பார்க்க அவ்வளவு அழகு, அதன் அடியில் ஜூலையில் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் படுத்திருக்கிறேன். ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு விடியலுக்குக் காத்திருந்ததுதான் அந்தப் பயணத்தில் எனக்கு இப்போதும் தெளிவாக நினைவிருக்கிற விஷயம்.

சரி, தூக்கம் கெடுவதோடு போனால் பரவாயில்லை. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் உடல்நலம் பற்றிப் பேசிப் பேர் வாங்கிய மைக்கேல் மோஸ்லியை நினைவிருக்கும். மருத்துவம் படித்தவர். 2024 ஜூன் 5 அன்று கிரீஸின் சிமி தீவில், வெயில் 40 டிகிரியை நெருங்கிய ஒரு பிற்பகலில், கடற்கரையிலிருந்து தனியாக நடந்து கிளம்பினார். கையில் குடை இருந்தது, போன் இல்லை. நான்கு நாள் தேடியபிறகு உடல் கிடைத்தது, ஒரு கடற்கரை உணவகத்தின் வேலிக்குச் சில மீட்டர் தூரத்தில். சாவுக்கு என்ன காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெயில் தாக்கியிருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். கூட ஒருவர் இருந்திருந்தால் "முகம் ஒரு மாதிரி இருக்கே, உட்காருங்க" என்று சொல்லியிருப்பார். வெயில் முதலில் கெடுப்பது நம் புத்தியை. தனக்கு முடியவில்லை என்பதே தனியாக இருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், ஜோடியாகவோ குடும்பமாகவோ போகிறவர்களுக்குக் குளிர்ச்சியான ஊர் ஒரு வசதி. தனியாகப் போகிறவருக்கு அது பாதுகாப்பு.

இதைச் சொன்னதும் எல்லோரும் வரைபடத்தில் மேலே பார்க்கிறார்கள். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து. வடக்கே போகப் போகக் குளிர் என்ற கணக்கு. பாதிதான் சரி. 2025 ஜூலையில் பின்லாந்தில் எங்காவது ஓரிடத்திலாவது 30 டிகிரியைத் தாண்டிய நாட்கள் மூன்று வாரம் விடாமல் தொடர்ந்தன. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய லாப்லாந்தும் வெந்தது. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி. பெர்லினும் வார்சாவும் கோடையில் 35ஐத் தொடுவது இப்போதெல்லாம் செய்தியே இல்லை. இந்த ஊர்களில் வீடுகளைக் குளிரைத் தடுக்கக் கட்டியிருக்கிறார்கள், சூட்டை வெளியேற்ற அல்ல. அங்கே 32 டிகிரி அறைக்குள் வேறு மாதிரி இருக்கும்.

பார்க்க வேண்டியது அட்சரேகையை அல்ல, இரண்டு விஷயங்களை: காற்று எங்கிருந்து வருகிறது, ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். நம் ஊட்டிக் கணக்குதான். அட்லாண்டிக் காற்று நேராக வந்து மோதும் மேற்குக் கரையாக இருந்தால், உள்நாடு எரிந்தாலும் கரை குளிர்ந்தே இருக்கும். இந்தக் காற்றுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஐரோப்பாவில் வெயிலுக்கே பேர் போன நாட்டில் ஒரு குளிர்ந்த மூலை கிடைக்கிறது. ஸ்பெயினின் வடமேற்கு மூலை, கலீசியா.

ஆ கொருன்யா என்ற துறைமுக நகரத்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெப்பம் சராசரியாக 22, 23 டிகிரி. அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரச் சொச்சத்தில் ஒரென்சே வந்துவிடும். அதே கலீசியாதான், ஆனால் மலைகளுக்கு உள்ளே பள்ளத்தில் இருக்கிற ஊர். அங்கே சராசரியே 30ஐத் தாண்டும், வெப்ப அலை வந்தால் 40. 2025 ஆகஸ்டில் ஒரென்சே மாகாணத்துக் காடுகள் எரிந்தபோது மாட்ரிட்டுக்கும் கலீசியாவுக்கும் இடையே அதிவேக ரயில் பல நாள் ஓடவில்லை. ஆகவே "கலீசியா போனேன், வெந்துவிட்டேன்" என்று யாராவது வந்து சொன்னால் கலீசியாவில் எங்கே என்று கேளுங்கள். நான் சொல்வது கரையை மட்டும்.

ஐஸ்லாந்தை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். அழகில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தீவைச் சுற்றும் சாலை 1,300 கிலோமீட்டருக்கு மேல். வாடகைக் கார் இல்லாமல் அதை ஒழுங்காகப் பார்ப்பது கஷ்டம். நாலு பேர் போனால் கார் வாடகையை நாலாகப் பிரிக்கலாம். தனி ஆளுக்கு அது முழுச் செலவு, கூடவே அந்தக் காற்றில் ஸ்டீயரிங்கை மாற்றிக்கொள்ளவும் ஆள் இல்லை. நார்வேயின் லோஃபோடென் தீவுகளும் ஏறக்குறைய இதே கதை. தனியாகப் போகிறவர் இடம் தேடும்போது முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்: எந்தெந்தச் செலவு இங்கே தலைக்கு இத்தனை, எது வண்டிக்கு இத்தனை, அறைக்கு இத்தனை? இரண்டாவது வகை அதிகமாக இருக்கிற ஊரில் தனி ஆள் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

ஸ்பெயினில் அந்தக் கணக்கு நமக்குச் சாதகம். ரயிலும் பஸ்ஸும் தலைக்கு. மாட்ரிட்டிலிருந்து ஆ கொருன்யாவுக்கு அதிவேக ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரம். ஹோஸ்தால் என்று பலகை மாட்டிய சின்னக் குடும்ப விடுதிகளில் ஒற்றை ஆளுக்கென்றே அறை வைத்திருக்கிறார்கள், இரட்டை அறையின் வாடகையைத் தலையில் கட்டுவதில்லை. மதியச் சாப்பாடு இன்னும் சௌகரியம். வேலை நாட்களில் உணவகங்கள் 'மெனு தெல் தியா' போடும். முதல் பதார்த்தம், இரண்டாவது பதார்த்தம், ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காப்பியோ, எல்லாம் சேர்த்து ஒரே விலை. நம் ஊர் மெஸ் சாப்பாடு மாதிரி, தனியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்காகவே நடக்கிற ஏற்பாடு. பக்கத்து மேஜையில் ஒரு பெயிண்டர் தனியாகச் சாப்பிடுவார், எதிர் மேஜையில் வங்கி ஊழியர் தனியாகச் சாப்பிடுவார். "ஒருத்தர்தானா?" என்று புருவத்தைத் தூக்குகிற பரிசாரகர் இல்லை. தனியாகச் சுற்றும் பெண்களுக்கு அந்தப் புருவம் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மண்ணுக்குத் தனியாக வருகிறவர்கள் ஒன்றும் புதிதல்ல. கலீசியாவின் யாத்திரை நகரமான சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு ஆயிரம் வருஷமாக ஆட்கள் நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள். நம் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் வேர்க்காட்டில் ஜூலையில் திருவிழா எடுக்கிறார்களே, அதே சந்தியாகப்பர்தான் இங்கேயும், இயேசுவின் சீடர் யாக்கோபு. 2024இல் ஐந்து லட்சம் பேருக்கு நெருக்கமாக நடந்து வந்திருக்கிறார்கள், பக்திக்காக வந்தவர்களும் சும்மா வந்தவர்களுமாக. பிரான்ஸ் எல்லையிலிருந்து வரும் பெரிய பாதையின் நடுவில் காய்ந்த பீடபூமி இருக்கிறது, கோடைக்கு அது வேண்டாம். ஃபெரோல் துறைமுகத்திலிருந்து கிளம்பும் 'ஆங்கிலப் பாதை'யைப் பாருங்கள். இங்கிலாந்து, அயர்லாந்து யாத்ரீகர்கள் அந்தக் காலத்தில் கப்பலில் வந்து இறங்கி நடந்த வழி. மொத்தம் 110, 120 கிலோமீட்டர், ஐந்தாறு நாள். கொஞ்ச தூரம் கடலை ஒட்டி, பிறகு யூக்கலிப்டஸ் தோப்பும் சோளக்கொல்லையும். வழியில் அரசு நடத்தும் தங்குமிடங்களில் படுக்கை பத்து யூரோ அளவில். முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு முதலில். காலையில் தனியாகக் கிளம்பலாம், மதியம் பேச்சுத் துணை கிடைக்கும், பிடிக்காவிட்டால் செருப்பில் கல் மாட்டியதாகச் சொல்லி உட்கார்ந்துகொள்ளலாம். முக்கியமாக, ஒருநாள் நீங்கள் போய்ச் சேராவிட்டால் "அந்த இந்தியப் பெண் எங்கே?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

நடக்க இஷ்டமில்லை என்றால் ஆ கொருன்யாவிலேயே ஒரு வாரம் உட்காரலாம். ரோமானியர் கட்டிய எர்க்குலிஸ் கோபுரம் இன்றும் கலங்கரை விளக்கமாக எரிகிறது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. துறைமுகத்தை ஒட்டிய வீடுகளுக்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி அடைத்த வெள்ளை பால்கனிகள். நாட்டின் மேற்கு ஓரத்தில் இருந்துகொண்டு மத்திய ஐரோப்பாவின் கடிகாரத்தை வைத்திருப்பதால் ஜூன் கடைசியில் பத்தே கால் வரைக்கும் வெளிச்சம். அதற்கப்புறம்தான் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட வெளியே வருகிறார்கள். பதினொரு மணிக்குக் குழந்தைகள் சதுக்கத்தில் பந்து விளையாடுகிற ஊரில் தனியாக அறைக்குத் திரும்பி நடக்க எனக்குப் பயம் வரவில்லை.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். மழை வரும், கோடையிலும் வரும். மூடுபனி வந்தால் கடல் இருக்கிற திசையே தெரியாது. அலை பலமானது, தண்ணீர் சில்லென்று இருக்கும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் குறைவு, போனில் மொழிபெயர்ப்புச் செயலி இல்லாமல் ஓட்ட முடியாது. சைவக்காரர்களுக்கு நிஜமாகவே சிரமம். கீரை சூப் என்று கொண்டு வருவார்கள், உள்ளே பன்றிக் கொழுப்பு. சாலட் கேட்டால் மேலே சூரை மீன் உட்கார்ந்திருக்கும். பத்ரோன் மிளகாயை எண்ணெயில் வதக்கிக் கல்லுப்புத் தூவித் தருவார்கள், அது ஒன்று போதும் எனக்கு. பத்தில் ஒன்று காரமாக மாட்டும் என்று அங்கிருப்பவர்கள் பயமுறுத்துவார்கள். ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்டவர்களை அது ஒன்றும் செய்யாது.

ஆகஸ்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மாட்ரிட்காரர்களே வெயிலுக்குப் பயந்து வடக்குக் கரைக்கு ஓடி வருகிற மாதம் அது, வாடகை எகிறிவிடும். ஜூன் கடைசி, ஜூலை முதல் பாதி, இல்லையென்றால் செப்டம்பர். 2027இல் சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமை வருவதால் அது அவருக்குப் புனித ஆண்டு. பக்திக்காகப் போகிறவர்கள் அந்த வருஷம் போங்கள், கூட்டம் ஆகாதவர்கள் அந்த வருஷத்தை விட்டுவிடுங்கள்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஜூனில் பயணம் என்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். மே மாதம் தேடினால் நாள் கிடைப்பது குதிரைக்கொம்பு. "தனியாவா போறீங்க? வீட்டுல யாரும் வரலையா?" என்ற கேள்வியைக் கவுன்டரில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நாள்வாரியான பயணத் திட்டம், ஒவ்வொரு இரவுக்கும் அறைப் பதிவு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், இந்த மூன்றையும் கோப்பின் மேலேயே வைத்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நேரம் மிச்சம்.

கீழே சிலர் "சுவிட்சர்லாந்து?" என்று எழுதப்போகிறீர்கள், தெரியும். பணம் பிரச்சினை இல்லை என்றால் தாராளமாகப் போங்கள், ஆனால் ஜெனீவாவிலும் சூரிச்சிலும் தங்காதீர்கள், வெப்ப அலையில் அவையும் வேகும். 1,600 மீட்டர் உயரத்தில் முரென், செர்மாட் மாதிரி ஊர்கள் இருக்கின்றன, கார் இல்லாமலே ரயிலிலும் கேபிள் காரிலும் போய்ச் சேரலாம். நார்வேதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் மலையேற்றச் சங்கத்தின் குடில்களைப் பாருங்கள். 1868இல் தொடங்கிய சங்கம், 500க்கு மேல் குடில்கள். பல குடில்களில் ஆளே இருக்கமாட்டார்கள். நாமே திறந்து, சமைத்து, எழுதி வைத்துவிட்டுப் பணம் கட்டுவதுதான் முறை. அங்கேயும் கட்டணம் தலைக்குத்தான்.