சிவப்புப் பேருந்து மட்டுமா காரணம்?
‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம்’ என்று விலகல் பிரச்சாரக்காரர்கள் சிவப்புப் பேருந்தில் எழுதிய பொய்யை நம்பி ஏமாந்தவர்கள்தான் 2016இல் பிரிட்டன் அந்த ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்தார்கள் என்கிறார், அதைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். பாதிதான் சரி. அந்தத் தொகை பொய்தான். பிரிட்டன் பிரதமராக இருந்த தாட்சர் 1984இல் ஒன்றியத்திடம் வாதாடிப் பெற்ற தள்ளுபடியைக் கழிக்காமல் போட்ட கணக்கு அது. ஆனால் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள பாஸ்டன் என்ற ஊரில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் விலகச் சொன்னதற்கு ஒரு பேருந்தா காரணம்? என்னோடு வேலை பார்க்கும் அந்த ஊர்க்காரர், தேநீர்க் கோப்பையை மேசையில் நங்கென்று வைத்துவிட்டுச் சொன்னார்: “முட்டைக்கோஸ் வயலில் அம்மாவின் கூலி ஏறவேயில்லை, வாடகைதான் ஏறியது.” கூலி ஏறாததற்கு முதலாளிகளும் லண்டன் அரசும்தான் பொறுப்பு, ஐரோப்பா அல்ல என்று அவரோடு இன்றும் மல்லுக்கட்டுகிறேன். ஆனாலும் அவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வராது.