இன்ஸ்பிரேஷனாம், மண்ணாங்கட்டியாம்!

"விடுங்க மச்சான், எல்லாமே இன்ஸ்பிரேஷன்தானே!"

இதைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறுகிறது. டீக்கடையில் கேட்டாயிற்று, ஆபீஸில் கேட்டாயிற்று, போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டிலும் கேட்டாயிற்று. மருமகனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். சுவரில் சிங்கம், கேக்கில் சிங்கம், ஸ்பீக்கரில் "விமோவே, விமோவே" என்று அந்தச் சிங்கப் பாட்டு. "டிஸ்னிக்காரன் டிஸ்னிக்காரன்தான், என்ன ஒரு டியூன்!" என்றார் தங்கச்சி வீட்டுக்காரர். நான் பேசாமல் சமோசாவைத் தின்றிருக்கலாம். "அது டிஸ்னி டியூன் இல்லை மாப்பிள்ளை, தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்று ஒரு ஜூலுக்காரர் போட்டது" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அதற்குத்தான் மேலே சொன்ன பதில்.

சரி, அந்த இன்ஸ்பிரேஷன் நடந்த அழகைக் கொஞ்சம் பார்ப்போம்.

வருஷம் 1939. ஜோகன்னஸ்பர்க்கில் காலோ என்ற ரெக்கார்டு கம்பெனி. லிண்டா அங்கே இசைத்தட்டுகளைப் பேக் செய்கிற வேலை பார்த்தவர். பிழைக்க நகரத்துக்கு வந்த கிராமத்து ஆள். தன் குழுவோடு கம்பெனி ஸ்டூடியோவில் 'ம்பூபே' என்ற பாட்டைப் பாடினார். ஜூலு மொழியில் சிங்கம் என்று பொருள். மூன்றாவது டேக்கில், யாரும் எதிர்பாராத நேரத்தில், மேல் ஸ்தாயியில் சொந்தமாக ஒரு இழுப்பு இழுத்தார். இன்றைக்கு உலகமே முணுமுணுக்கிற மெட்டு அந்த இழுப்பிலிருந்து வந்ததுதான். இசைத்தட்டு ஆப்பிரிக்காவில் சுமார் ஒரு லட்சம் விற்றது. உரிமையை எழுதிக் கொடுத்ததற்கு அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங்.

அந்த இசைத்தட்டு அமெரிக்காவுக்குப் போய் பீட் சீகர் என்ற பாடகர் கையில் கிடைத்தது. 'உயிம்பூபே' என்று லிண்டா குழு பாடியது சீகர் காதில் 'விமோவே' என்று விழுந்தது. காதில் விழுந்ததை அப்படியே பாடி, 1950களின் தொடக்கத்தில் அவருடைய குழு அதை ஹிட் ஆக்கியது. காது கேட்ட குறைக்கு நான் யாரையும் திட்ட மாட்டேன். பாட்டு யாருடையது என்று எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'பால் கேம்பல்'. அப்படி ஒரு ஆளே கிடையாது! அந்தக் குழுவினர் தங்களுக்கு வைத்துக்கொண்ட புனைபெயர். இல்லாத வெள்ளைக்காரனுக்கு ராயல்டி எழுதத் தெரிகிறது, உயிரோடு இருக்கிற கறுப்பு மனிதனின் பெயரை எழுதக் கை வரவில்லை. கேட்டால், ஆப்பிரிக்க நாட்டுப்புறப் பாட்டு என்று நினைத்தார்களாம். (சீகர் பின்னாளில் விஷயம் தெரிந்து லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பினார். அந்த மட்டும் அவருக்கு மனசாட்சி இருந்தது.)

எனக்குப் பற்றி எரிவது இந்த 'நாட்டுப்புறப் பாட்டு' என்ற இடத்தில்தான். நாட்டுப்புறம் என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் போதும், பாட்டுக்கு அப்பா அம்மா கிடையாது, யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். தூக்கிக்கொண்டு போனவன் மட்டும் வாசலில் பூட்டுப் போட்டுத் தன் பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்வான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

1961இல் ஆங்கில வரிகள் சேர்ந்து இன்னொரு வடிவம் வந்தது, அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அடுத்த வருஷம் லிண்டா சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனார். வங்கியில் 25 டாலர்கூடத் தேறவில்லை. கல்லறைக்கு ஒரு கல் நடக் குடும்பத்துக்கு 18 வருஷம் ஆயிற்று. இதையெல்லாம்விட வயிற்றெரிச்சல், 1990களின் தொடக்கத்தில் இரண்டு அமெரிக்கத் தரப்புகள் பாட்டு உனக்கா எனக்கா என்று கோர்ட்டில் கட்டிப் புரண்டதுதான். அடுத்தவன் தோப்பு மாங்காய்க்கு இரண்டு திருடர்கள் பங்காளிச் சண்டை போட்ட கதை.

1994இல் 'தி லயன் கிங்' படத்தில் பாட்டு வந்தது. "டிஸ்னி முறையாகக் காசு கொடுத்துத்தானே வாங்கினான்?" என்றார் மாப்பிள்ளை. கொடுத்தது உண்மைதான். யாரிடம் கொடுத்தான்? உரிமை வைத்திருந்த அமெரிக்கப் பதிப்பகத்திடம். பேப்பர் எல்லாம் பக்கா. லிண்டாவின் மகள்கள் அப்போது ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சொவேட்டோவில் வறுமையில் இருந்தார்கள். களவு போன மாட்டை ரசீதோடு சந்தையில் வாங்கினால் மாடு திரும்பிக் கொட்டகைக்கு வந்துவிடுமா?

கடைசியில் குடும்பத்துக்குக் கை கொடுத்தது, வேடிக்கையைப் பாருங்கள், வெள்ளைக்காரன் போட்ட சட்டமே. 1911ஆம் வருஷத்து பிரிட்டிஷ் காப்பிரைட் சட்டப்படி, படைத்தவர் இறந்து 25 வருஷம் கழித்து உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும். அதைப் பிடித்துக்கொண்டு 2004இல் டிஸ்னி மீதே வழக்குப் போட்டார்கள். தென்னாப்பிரிக்க நீதிமன்றம் மிக்கி மவுஸ் உள்பட டிஸ்னியின் டிரேட்மார்க்குகளை அங்கே முடக்கி வைக்க, 2006இல் சமரசம் வந்தது. லிண்டாவின் பெயரும் பாட்டில் ஏறியது. அவர் செத்து 44 வருஷம்!

டிஸ்னிக்காரன் கதை இதோடு முடியவில்லை, அதே படத்தில் வருகிற 'ஹக்குனா மட்டாட்டா'வைப் பாருங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான பேர் பேசுகிற சுவாஹிலியில், பிரச்சினை இல்லை என்று சாதாரணமாகச் சொல்கிற சொல். டி-ஷர்ட்டில் போட அமெரிக்காவில் அதற்கு டிரேட்மார்க் வாங்கி வைத்தார்கள், 2003இல். நாளைக்கு நம் 'பரவாயில்லை'க்கு எவனாவது பட்டா வாங்கினால் அதையும் இன்ஸ்பிரேஷன் என்பீர்களா? 2013இல் மெக்சிகோக்காரர்கள் இறந்தவர்களுக்குப் படையல் வைக்கிற பண்டிகையின் பெயருக்கே விண்ணப்பம் போட்டார்கள். ஜனங்கள் காறித் துப்பியதும் வாபஸ்.

தெரியாமல் செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2019இல் 'ஃப்ரோசன்' இரண்டாம் பாகம் எடுத்தபோது ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் 'சாமி' என்ற பழங்குடி மக்களின் பிரதிநிதிகளோடு ஒப்பந்தமே போட்டார்கள். அந்த மக்களின் மொழியிலேயே படத்தை டப் செய்தும் கொடுத்தார்கள். படத்துக்கு என்ன குறைந்துபோயிற்று? கேட்டு வாங்கத் தெரிகிறது. தட்டிக் கேட்க ஆள் இருக்கிற வீட்டில் மட்டும்தான் கேட்பார்கள் போலிருக்கிறது.

இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். கேக் கூட வெட்டி முடித்துவிட்டார்கள். சரி, காதாலேயே கேட்கட்டும் என்று போனில் 1939 ரெக்கார்டிங்கைத் தேடிப் போட்டேன். லிண்டாவின் குரல் கரகரவென்று எழுந்து ஹாலை நிறைத்தது. மாப்பிள்ளை கண்ணை மூடித் தலையாட்டி முழுசாகக் கேட்டார்.

"பரவாயில்லையே மச்சான், டிஸ்னி பாட்டை நல்லாத்தான் காப்பி அடிச்சிருக்கான்" என்றார்.