மணிலால் எங்கே பிறந்தால் என்ன?

ஜனவரி 30, அக்டோபர் 2 இரண்டு நாளிலும் தவறாமல் சுற்றுக்கு வரும் ஒரு பதிவு இருக்கிறது. காந்தியின் நான்கு மகன்கள் என்ன ஆனார்கள் என்று பட்டியல் போடுவது. மூத்தவர் ஹரிலாலுக்கு ஆறேழு வரி. குடி, மதமாற்றம், அப்பாவோடு சண்டை என்று சுவாரசியத்துக்குக் குறைவிருக்காது. கடைக்குட்டி தேவதாஸ் ராஜாஜியின் மருமகன் என்பதால் நம் ஊர்க்காரர்கள் அவரையும் நன்றாகவே கவனித்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் இரண்டு பேர்தான் பாவம். அதிலும் மணிலாலுக்கு ஒரே வரிதான்: தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், அங்கேயே தங்கிவிட்டார்.

பிறந்தது அங்கே இல்லை, ராஜ்கோட்டில் என்று சொன்னால், "எங்கே பிறந்தால் என்ன சார், காந்தி மகன்தானே?" என்று பதில் வருகிறது. அந்தக் கேள்விக்குத்தான் இந்த நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் மட்டும் படிக்கவும்.

மணிலால் பிறந்தது 1892 அக்டோபர் 28. லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கி வந்தும் பம்பாயில் வழக்குக் கிடைக்காமல், ராஜ்கோட்டுக்கே திரும்பி மனு எழுதிக் கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார் காந்தி. அந்த நாட்களில் பிறந்த பிள்ளை. பிள்ளைக்கு ஆறு மாதம் நிறைவதற்குள், 1893 ஏப்ரலில் அப்பா தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். குடும்பத்தை அழைத்துப்போக அவர் திரும்பி வந்தது 1896-ல். விவரம் தெரிந்து மணிலால் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தது மூன்றரை வயதுக்கு மேல்தான்.

அதன் பிறகு நடந்தது இன்னும் மோசம். குடும்பம் வந்த கோர்லாண்ட் கப்பல் 1896 டிசம்பரில் டர்பனை அடைந்தது. பம்பாயில் பிளேக் என்று காரணம் காட்டி யாரையும் இறங்கவிடவில்லை. கரையில் வெள்ளைக்காரர்கள் கூட்டம் போட்டு, வந்த வழியே திருப்பி அனுப்பு என்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 13-ம் தேதிதான் இறங்க முடிந்தது. கஸ்தூர்பாவையும் பிள்ளைகளையும் வண்டியில் பார்சி ருஸ்தம்ஜி வீட்டுக்கு முன்னால் அனுப்பிவிட்டு காந்தி பின்னால் நடந்து வந்தார். வழியில் அவர்மேல் கல்லும் முட்டையும் அடியும் விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அன்றிரவு அந்த வீட்டைச் சூழ்ந்துகொண்டு காந்தியை வெளியே அனுப்பு என்று கும்பல் கத்தியபோது, உள்ளே இருந்த பிள்ளைகளில் ஒருவன் நாலு வயது மணிலால். "தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்" என்று எழுதினால் அப்பா இல்லாத அந்த மூன்றரை வருடமும் போச்சு, இந்த இரவும் போச்சு. எங்கே பிறந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

இதைவிட வேடிக்கை மூன்றாவது மகன் ராம்தாஸின் பிறந்த தேதி. பல இடங்களில் 1897 ஜனவரி 2 என்று போட்டிருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதுதான். ஜனவரி 2 அன்று கஸ்தூர்பா எங்கே இருந்தார்? கரையிறங்க அனுமதி கிடைக்காமல் கப்பலில் இருந்தார். காந்தியே தன் வரலாற்றில், அந்த ஜனவரியில் டர்பனில் இறங்கியபோது தன்னோடு மூன்று பிள்ளைகள் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறார்: சகோதரியின் மகன், பிறகு தன் சொந்த மகன்கள் இரண்டு பேர். பத்து நாள் கைக்குழந்தை ஒன்று இருந்திருந்தால் அதை மறந்திருப்பாரா? கப்பலில் பிரசவம் நடந்திருந்தால் அதை எழுதாமல் விடுகிற ஆளா அவர்? 1900-ல் தேவதாஸ் பிறந்தபோது மருத்துவரும் மருத்துவச்சியும் நேரத்துக்கு வரமுடியாமல் தானே பிரசவம் பார்த்ததை எழுதிய மனிதர். அந்த ஜனவரி 2 ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் ராம்தாஸ் எப்போது பிறந்தார் என்று யாருக்கும் அக்கறை இல்லை. டெல்லியில் காந்தியின் சிதைக்குத் தீ மூட்டியவர் ராம்தாஸ். அதையும் தேவதாஸ் என்று எழுதுபவர்கள் உண்டு.

பேரன்கள் விஷயத்தில் குழப்பம் இரட்டிப்பு. காந்தியின் கைத்தடியின் ஒரு முனையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு ஓடும் சின்னப் பையன் படம் நினைவிருக்கிறதா? "தண்டி யாத்திரையில் காந்தி" என்று தலைப்புப் போட்டு அதைப் பகிர்கிறார்கள். அது 1937-ல் பம்பாய் ஜுஹு கடற்கரையில் எடுத்தது. பையன் ராம்தாஸின் மகன் கனு. 2016 நவம்பரில் சூரத்தில் இறந்தபோது அவருக்கு வயது 87. கழித்துப் பாருங்கள், தண்டி யாத்திரை நடந்த 1930-ல் அவர் நடை பழகும் குழந்தை. போதாக்குறைக்கு காந்தியைச் சதா படம் எடுத்துக்கொண்டிருந்த உறவினர் இன்னொருவர் பெயரும் கனு. ஒருவர் வாழ்க்கையை இன்னொருவருக்கு ஒட்டிவிடுவதும் நடக்கிறது. ஃபெரோஸ் காந்தியை மகாத்மாவின் பிள்ளை என்பவர்களோடு நான் வாதாடுவதை நிறுத்திப் பல காலம் ஆயிற்று.

மணிலாலுக்கு வருவோம். அவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுதுபவர்களும் மூன்று சம்பவங்களைத்தான் சொல்வார்கள்.

ஒன்று, 1902-ல் பம்பாயில் வந்த காய்ச்சல். டைபாய்டும் நிமோனியாவும் சேர்ந்து, பத்து வயது நிறையாத பிள்ளை ராத்திரியில் பிதற்றுகிறான். முட்டையும் கோழி சூப்பும் கொடுக்கச் சொல்கிறார் பார்சி டாக்டர். காந்தி மறுத்துவிட்டு இடுப்புக் குளியல் கொடுக்கிறார். காய்ச்சல் 104 டிகிரிக்குப் போகிறது. ஈரத் துணியைப் பிழிந்து உடம்பு முழுக்கச் சுற்றி, மேலே கம்பளி போர்த்தி, கஸ்தூர்பாவிடம் விட்டுவிட்டு, மனசு தாங்காமல் சௌபாட்டிப் பக்கம் நடக்கப் போய்விடுகிறார். வாய் ராமநாமம் சொல்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் "பாபு, வந்துட்டீங்களா?" என்று கேட்கிறான் பையன். வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்குகிறது. பிறகு நாற்பது நாள் தண்ணீர் கலந்த பாலும் பழச்சாறும்.

இரண்டாவது, பணம். ஆசிரமத்தில் தன் பொறுப்பில் இருந்த பணத்திலிருந்து அண்ணன் ஹரிலாலுக்குக் கடன் கொடுத்துவிட்டார் என்று அப்பா வெளியே அனுப்பினாரே, அது. அவர் வந்து சேர்ந்தது நம் மதராஸுக்குத்தான் என்பதைத் தமிழில் எழுதுபவர்களே விட்டுவிடுகிறார்கள். காந்தியின் மகன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, கைத்தொழில் கற்றுச் சொந்த உழைப்பில் சாப்பிட வேண்டும் என்பது நிபந்தனை. மனசு கேட்காமல் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசனுக்கு ஒரு கடிதம் மட்டும் கொடுத்தார் அப்பா. 1915-ல் காந்தியும் கஸ்தூர்பாவும் மதராஸ் வந்தபோது தங்கியது அதே நடேசனின் தம்புச் செட்டித் தெரு வீட்டில். அப்பாவுக்குப் பூமாலை போட்ட ஊரில் பிள்ளை பெயரை மறைத்துக்கொண்டு வேலை தேடியிருக்கிறான். இந்த ஒரு சம்பவத்தை யாராவது முழுசாக எழுதினால் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.

மூன்றாவது, கல்யாணம். கேப் டவுனைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண்ணை மணக்க விரும்பினார், 1926-ல் அப்பா கடிதம் எழுதித் தடுத்தார், மறு வருடம் அகோலாவில் சுசீலா மஷ்ருவாலாவைக் கட்டிவைத்தார்கள்.

மூன்றும் நடந்தவைதான். ஆனால் மூன்றிலும் அப்பா ஏதோ செய்கிறார், பிள்ளை வாங்கிக்கொள்கிறான். காந்தியைப் பிடிக்காதவர் கொடுமைக்கார அப்பாவுக்கு இதைச் சாட்சியாக்குவார். பிடித்தவர் கொள்கை உறுதிக்குச் சாட்சியாக்குவார். இரண்டு பேருக்குமே மணிலால் என்கிற ஆள் தேவையில்லை. அதனால்தான் அவர் எங்கே பிறந்தார், என்ன வேலை பார்த்தார், எத்தனை தடவை உள்ளே போனார் என்பதையெல்லாம் சரிபார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை என்பது என் கட்சி.

என்ன வேலை பார்த்தார்? பத்திரிகை ஆசிரியர். 1917-ல் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போய், 1920-ல் 'இந்தியன் ஒப்பீனியன்' ஆசிரியராகி, 1956 ஏப்ரலில் சாகும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். முப்பத்தாறு வருடம்! 1903-ல் குஜராத்தி, இந்தி, தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் தொடங்கிய பத்திரிகை அது. நம் ஒப்பந்தக் கூலிகள் அங்கே அவ்வளவு பேர் இருந்ததால் தமிழ்ப் பகுதி போட்டார்கள், 1906-லேயே நிறுத்தவும் வேண்டியதாயிற்று. தென்னாப்பிரிக்காவை விட்டு 1914-ல் புறப்பட்ட அப்பா அங்கே திரும்பிப் போகவே இல்லை. டர்பனுக்கு வெளியே ஃபீனிக்ஸில், சந்தா வராத காலத்திலும் அந்த அச்சகத்தை ஓடவைத்தவர் இந்தப் பிள்ளை. காந்தியை இதழாளர் என்று கருத்தரங்கு நடத்துகிறோம். அவர் தொடங்கிய பத்திரிகையை அவரைவிடப் பல மடங்கு காலம் நடத்தியவர் பெயர் அங்கே ஒருமுறையாவது வருகிறதா?

"அங்கேயே தங்கிவிட்டார்" என்பதிலும் கோளாறு இருக்கிறது. 1930-ல் ஊருக்கு வந்திருந்த சமயம் தண்டிக்கு அப்பாவோடு நடந்தவர்களில் மணிலாலும் ஒருவர். காந்தி கைதான பிறகு, மே 21 அன்று தராசனா உப்பளத்துக்குப் போன தொண்டர்களுக்குச் சரோஜினி நாயுடு தலைமை. முன்னணியில் மணிலாலும் இமாம் சாகிப் பாவாசீரும். இமாம் சாகிபும் தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு சிறை சென்ற ஆள்தான். வரிசை வரிசையாக நடந்து போனவர்களின் மண்டையில் பூண் போட்ட லத்தியால் அடித்தார்கள், ஒருவர்கூடத் தடுக்கக் கை தூக்கவில்லை. அமெரிக்க நிருபர் வெப் மில்லர் தற்காலிக மருத்துவமனைக் கொட்டகையில் எண்ணிய காயம்பட்டவர்கள் 320 பேர். அந்தச் செய்திதான் உலகம் முழுக்கப் போனது. மணிலால் சிறைக்குப் போனார், வெளியே வந்தார், கப்பலேறித் தன் அச்சகத்துக்குப் போய்விட்டார். அப்பா பெயரை வைத்து இங்கே ஒரு பதவி பிடித்து உட்கார நினைத்திருந்தால் யார் தடுத்திருப்பார்கள்?

அவருக்கு அது முதல் சிறையும் இல்லை, கடைசியும் இல்லை. இருபது வயதுக்கு முன்பே, 1910-ல், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் உரிமமில்லாமல் தெருவில் விற்றதற்காகச் சிறை போனவர். 1952 டிசம்பரில், அறுபது வயதில், ஜெர்மிஸ்டனில் கறுப்பர் குடியிருப்புக்குள் அனுமதிச் சீட்டில்லாமல் நுழைந்து கைதானார், தண்டனையும் விதித்தார்கள். அன்றைக்குக் கூட நடந்தவர் பாட்ரிக் டங்கன். கார் விபத்துக்குப் பிறகு ஊன்றுகோலோடு நடந்த வெள்ளைக்காரர், தென்னாப்பிரிக்காவின் முன்னாள் கவர்னர் ஜெனரலின் மகன். அவரையும் நமக்குத் தெரியாது.

நிறவெறிச் சட்டங்களை வேண்டுமென்றே மீறிக் கைதாகும் அந்த 1952 இயக்கத்தைத் திட்டமிடும்போது அகிம்சையை அப்பா நடத்திய மாதிரியே மாறாத கொள்கையாக வைக்கவேண்டும் என்று மணிலால் வாதாடியதையும், தனக்கு அது சூழ்நிலைக்கேற்ற உத்தியாகவே பட்டதையும் நெல்சன் மண்டேலா தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மண்டேலா பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனாலும் மணிலால் அப்பாவின் புகைப்படமாக அந்தக் கூட்டத்தில் உட்காரவில்லை. நாற்பது வருடத்துக்கு முன்பே சிறையைப் பார்த்துவிட்டவராகப் பேசினார்.

இன்னொன்று. கோட்சேக்குத் தூக்கு வேண்டாம் என்று "காந்தியின் மகன்கள்" கேட்டதாகப் பொத்தாம் பொதுவாக எழுதுகிறார்கள். கேட்டவர்கள் மணிலாலும் ராம்தாஸும். அதை நேருவும் பட்டேலும் ஏற்கவில்லை, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியும் ஏற்கவில்லை. ராஜாஜி அவர்கள் தம்பியின் மாமனார். இந்தப் பெயர்களைச் சரியாகப் போட்டால்தான் அந்தக் குடும்பத்துக்குள் அன்று எப்படிப்பட்ட கடிதங்கள் போய் வந்திருக்கும் என்று யோசிக்கவாவது தோன்றும்.

மணிலாலின் பேத்தி உமா துபேலியா மெஸ்த்ரி தென்னாப்பிரிக்காவில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். தாத்தாவுக்கு முழு வாழ்க்கை வரலாறே எழுதியிருக்கிறார், ஆகவே தகவல் கிடைக்கவில்லை என்ற சாக்கும் கிடையாது.

மணிலாலுக்குப் பிறகு பத்திரிகை நின்றுவிடவில்லை. 1961 வரை நடத்தியவர் சுசீலா. பட்டியல் பதிவுகளில் அவர் பெயர் "மனைவி" என்ற இடத்தோடு சரி. அவரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இதிலேயே சேர்த்தால் இன்னும் நீண்டுவிடும்.