கருந்துளைக்கு மறுபக்கம் கிடையாது

நேற்று இரவும் ஒரு காணொளி கண்ணில் பட்டது. ஒளிகூடத் தப்ப முடியாத அளவு ஈர்ப்புள்ள கருந்துளைக்குள் விழுந்தால் வேறொரு பிரபஞ்சத்தில் வெளியே வருவோமாம், திகில் இசை வேறு. எனக்கு அந்தத் 'துளை' என்ற சொல்லின் மேல்தான் கோபம். மூக்குத்தித் துளை, புல்லாங்குழல் துளை என்று பார்த்தே பழகிய நமக்கு, துளை என்றாலே மறுபக்கம் ஒன்று இருந்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்பதும் தப்பு. சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையில் ஒரு கருந்துளையை வைத்தால் பூமி இப்போது போகும் பாதையிலேயே சுற்றும். குளிரில் உறைந்து போவோம், அது வேறு விஷயம். அந்தக் கருந்துளையின் நிகழ்வு எல்லைக்கு ஆரம் வெறும் 3 கிலோமீட்டர். அதைத் தாண்டினால்தான் திரும்ப வழியில்லை.

சரி, தாண்டினால்? இங்கேதான் என்னைத் தூங்கவிடாத விஷயம் இருக்கிறது. எல்லைக்கு உள்ளே மையம் என்பது உங்களுக்கு முன்னால் கிடக்கும் ஓர் இடம் இல்லை, வரப்போகும் ஒரு நேரம். செவ்வாய்க்கிழமையில் நின்றுகொண்டு புதன்கிழமை வேண்டாம் என்று வண்டியைத் திருப்ப முடியுமா? 2019 ஏப்ரலில் ஆரஞ்சு வளையமாகப் படம் வந்ததே, எம்87 கேலக்ஸியின் நடுவில் இருக்கும் கருந்துளை, 650 கோடி சூரியன்களின் நிறை, அதன் எல்லையைக் கடக்கும்போது உடம்புக்கு ஒன்றும் தெரியாது. சுழலாத கருந்துளை என்று வைத்துக் கணக்குப் போட்டால், அதன்பிறகு மையத்தில் முடிந்துபோக அதிகபட்சம் 28 மணி நேரம். நம் பால்வெளியின் நடுவில் இருப்பதற்குள் போனால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ராக்கெட்டை எப்படி ஓட்டினாலும் இந்த உச்சவரம்பைத் தாண்ட முடியாது, பதறிப்போய் விடாமல் முடுக்கிக்கொண்டே இருந்தால் முடிவு இன்னும் சீக்கிரம்கூட வந்துவிடலாம். (சூரியனைப் போல் சில மடங்கே நிறையுள்ள சின்னக் கருந்துளை என்றால், எல்லைக்குப் போகும் முன்பே தலைக்கும் காலுக்கும் உள்ள ஈர்ப்பு வித்தியாசம் ஆளை நூலாக இழுத்துவிடும்.)

பெரிய நட்சத்திரம் தன் எடை தாங்காமல் உள்நோக்கிச் சரியும்போது கருந்துளை உருவாகிறது. அது கச்சிதமான உருண்டையாக இல்லாமல் கோணல்மாணலாகச் சரிந்தாலும் உள்ளே அந்த முடிவு உருவாகியே தீரும் என்று 1965இல் இங்கிலாந்தின் கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸ் நிரூபித்தார், 2020இல் நோபல் வந்தது. அந்த நிரூபணத்துக்கு அடித்தளமான சமன்பாடு 1955இல் கல்கத்தாவிலிருந்து வந்தது, எழுதியவர் அமல் குமார் ராய்சௌத்ரி. படித்த காலத்தில் இந்தப் பெயரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கடைசிக் கணத்தில் ஈர்ப்பின் இழுவை முடிவிலி என்கிறது கணக்கு. ஈர்ப்பை விளக்கும் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கோட்பாடு அங்கே கைவிரிக்கிறது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன், அதற்குமேல் சொல்ல அணுவைவிடச் சின்ன உலகின் விதிகளையும் ஈர்ப்பையும் சேர்த்துச் சொல்லும் ஒரு முழுமையான குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடு இன்னும் நம்மிடம் இல்லை. காணொளிக்காரர்கள் காட்டும் மறுபக்கம், ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளுக்குத் தாளில் எழுதிய சில தீர்வுகளில் வருவது உண்மைதான். ஆனால் நிஜ நட்சத்திரம் சரிந்து உருவாகும் கருந்துளையில் அந்த வழி நிலைக்காது என்பதே பெரும்பாலானவர்களின் கருத்து, அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அப்புறம், உள்ளே போனதும் கும்மிருட்டு என்றும் நினைக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் ஒளி உங்கள் பின்னாலேயே உள்ளே விழுந்துகொண்டிருக்கும். நட்சத்திரங்கள் தெரியும், வீட்டிலிருந்து அனுப்பிய செய்திகூட வந்து சேரலாம். நீங்கள் அனுப்பும் பதில்தான், எந்தப் பக்கம் பார்த்து அனுப்பினாலும், மையத்தை நோக்கியே போகும்.