அண்டர்-8 பிள்ளைகளோடு நிற்பவர் யார்?

சிறுவர் கால்பந்து கிளப்புகளுக்கு லைசென்ஸ் வேண்டுமா, கோச்சாக நிற்கும் ஒவ்வொருவரும் சான்றிதழ் வாங்கியே ஆக வேண்டுமா என்ற பேச்சு வந்தாலே நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். சான்றிதழ் இல்லாதவர் மைதானத்தில் கால் வைக்கவே கூடாது என்கிறது ஒரு கட்சி. சம்பளம் இல்லாமல், வேலை முடிந்த கையோடு ஓடி வருகிற அப்பா அம்மாக்களின் தலையில் இதையும் கட்டினால் கிளப்பை இழுத்து மூட வேண்டியதுதான் என்கிறது இன்னொரு கட்சி. சில வருடங்களாக ஒரு கிளப்பின் கமிட்டியில் இருக்கிறேன், சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு விசிலும் பிடிக்கிறேன். லைசென்ஸ் வேண்டும், கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன்னால் கால்பந்துச் சங்கங்கள் எதைப் பார்க்கின்றன என்பதில் எனக்குப் பெரிய மனக்குறை இருக்கிறது.

பொதுவாக என்ன பார்க்கிறார்கள்? கிளப்பில் எத்தனை பேரிடம் சான்றிதழ் இருக்கிறது, அதில் உயர்ந்த சான்றிதழ் எது, கோப்பில் விதிமுறைகள் எல்லாம் இருக்கின்றனவா. எண்ணிக்கை சரியாக இருந்தால் முத்திரை விழுந்துவிடும். அந்தச் சான்றிதழ்காரர் எந்த அணியோடு நிற்கிறார் என்று கேட்பவர் குறைவு. கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: அண்டர்-16 முதல் அணி. கோப்பை ஜெயிக்கிற அணி, கிளப்பின் பெயர் வெளியே தெரிகிற அணி. அண்டர்-8 பிள்ளைகளுக்குக் கிடைப்பது, சீசன் ஆரம்பத்தில் "யாராவது முன்வாருங்கள்" என்றபோது மறுக்க மனம் வராத ஒரு பெற்றோர்.

அந்தப் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. அவர் வராவிட்டால் அந்த அணியே இல்லை. ஆனால் அவருடைய பயிற்சி எப்படி நடக்கிறது என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே வரிசை. முதல் பிள்ளை கோன்களுக்கு நடுவே பந்தை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டு போய், கோலில் அடித்துவிட்டுத் திரும்பி வரும்வரை மற்ற பதினொரு பேருக்கும் வேலை இல்லை. ஒருவன் புல்லைப் பிடுங்குகிறான். ஒருத்தி ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறாள். வரிசையின் கடைசியில் இரண்டு பேருக்குள் தள்ளுமுள்ளு. "வரிசையில நில்லுங்க" என்று சொல்லிச் சொல்லியே கோச்சுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. பயிற்சி முடியும்போது ஒரு பிள்ளைக்குப் பந்து கிடைத்த நேரத்தைக் கூட்டினால் சில நிமிடங்கள் தேறினால் அதிகம்.

அதே பன்னிரண்டு பேரை மூன்று சின்னக் களங்களாகப் பிரித்து, களத்துக்கு ஒரு பந்து கொடுத்து, இரண்டு பேருக்கு இரண்டு பேர் ஆட விட்டால் போதும். ஒதுங்கி நிற்க யாருக்கும் இடமே இருக்காது. பந்தை வாங்குவது, திரும்புவது, பறிகொடுப்பது, விரட்டிப் பிடிப்பது எல்லாம் தானாக வரும். கோச் கத்த வேண்டியதும் இல்லை, சுற்றி வந்து ஒவ்வொருவராகக் கவனிக்கலாம். இதைக் கற்றுக்கொள்ள ஒருவர் பழைய ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை. யாராவது கூட நின்று ஒருமுறை செய்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். யாரும் காட்டாததால், தான் சின்ன வயதில் பார்த்த வரிசையையே அவரும் திரும்பப் போடுகிறார்.

அடிமட்டச் சான்றிதழ் என்பது இந்த உதவியாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. ஆரம்பநிலைப் படிப்பை அணிக்கு 4 பேர், 7 பேர், 9 பேர், 11 பேர் ஆடும் ஆட்டம் என்று நான்காகப் பிரித்துவிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் 4 பேர் ஆட்டத்துக்கான படிப்பை மட்டும் எடுத்தால் போதும், எதிரணியைச் சிக்க வைக்க ஆஃப்சைடு பொறி வைப்பது எப்படி என்று உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை. மேலே போக விரும்புகிறவர்களுக்கு டி, சி, பி, ஏ, ப்ரோ என்று படிகள் தனியாக இருக்கின்றன. ஐரோப்பாவிலும், அங்குள்ள கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏவின் சி கோச்சிங் லைசென்ஸ் அடிமட்டக் கோச்சுகளுக்கானதுதான். தனக்கு முன்னால் நிற்கும் பிள்ளைக்கு எது தேவையோ அதை மட்டும் படி என்று சொல்லும்போது தன்னார்வலர்கள் மறுப்பதில்லை. பயனில்லாத பாடத்துக்கு இரண்டு நாளைக் கொடு என்றால்தான் முகம் சுளிக்கிறார்கள். அது நியாயமான கோபம்.

ஐஸ்லாந்து கதை பலருக்கும் தெரியும். அப்போது மூன்றரை லட்சத்தைக்கூட எட்டாத மக்கள்தொகை கொண்ட நாடு, ஐரோப்பிய நாடுகள் மோதும் 2016 யூரோ போட்டியில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. உடனே எல்லோரும் அவர்களுடைய உள்ளரங்க மைதானங்களைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, அங்கே மிகச் சிறிய பிள்ளைகளுக்கும் முறையாகப் பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் கோச் இருக்கிறார் என்பது. அந்த அணியின் இரண்டு தலைமைக் கோச்சுகளில் ஒருவரான ஹெய்மிர் ஹால்கிரிம்சன் ஒரு பல் மருத்துவர். தொழிலையும் பார்த்துக்கொண்டே கோச்சிங்கில் படிப்படியாக ஏறியவர். வேலை பார்க்கிற ஆட்களுக்கு இதெல்லாம் முடியாது என்பவர்கள் அவரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் ஆட்டம் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி. அதில் நிதானமாக, அவகாசம் கொடுத்து நடந்துகொள்ளலாம். பிள்ளைகளின் பாதுகாப்பில் ஒரு நாள் அவகாசம்கூடக் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டுக்கும் ஒரே மாதிரி சலுகை கேட்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கிலாந்தில் 1970 முதல் 2005 வரை கால்பந்தில் சிறுவர்கள்மீது நடந்த பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த ஷெல்டன் அறிக்கை 2021 மார்ச்சில் வெளிவந்தது. 1995 அக்டோபரிலிருந்து 2000 மே வரை, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கொண்டுவருவதில் கால்பந்துச் சங்கம் மிக மெதுவாக நடந்துகொண்டது, அது சங்கத்தின் பெரும் தோல்வி என்று அந்த அறிக்கை சொன்னது. கொடுமை செய்தவர்களில் சிலர், திறமையான பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். "அவர் நல்ல கோச்" என்ற ஒரே காரணத்துக்காகப் பெற்றோர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். ஒருவருடைய கோச்சிங் சான்றிதழ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அவரை நம்பிப் பிள்ளையைத் தனியே விடலாமா என்பதற்கு அது பதில் இல்லை.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கிளப். பின்னணிச் சரிபார்ப்பு முடியாமல் யாரும் பிள்ளைகள் அருகில் போகக் கூடாது. உடை மாற்றும் அறையிலோ, காரிலோ, வெளியூர்ப் போட்டியிலோ ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் நிலை வரக் கூடாது. பிள்ளைக்குத் தனிப்பட்ட முறையில் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் எதையும் சொல்ல வேண்டும். புகார் என்றால் யாரிடம் போவது என்பது கடைசிப் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அந்த ஆள் தலைமைக் கோச்சின் நெருங்கிய நண்பராக இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 2018 பிப்ரவரியில் வந்த சட்டத்தின்படி, சந்தேகம் எழுந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுப்பது பிள்ளைகளோடு பழகும் பெரியவர்களின் கடமை. கிளப்புக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கத்துக்கு அங்கே சட்டம் இடம் கொடுக்கவில்லை. எல்லா இடத்திலும் இப்படி ஒரு விதி லைசென்ஸின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது தலைக்காயம். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, ஸ்கோர் சமம். இரண்டு பிள்ளைகளின் தலை மோதிக்கொள்கிறது. ஒருத்தி எழுந்து நிற்கிறாள், ஆனால் பார்வை எங்கேயோ இருக்கிறது. கோச் குனிந்து "ஆட முடியுமா?" என்று கேட்கிறார். அவள் தலையை ஆட்டுகிறாள். ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளை வேறு என்ன செய்வாள்? அந்தக் கேள்வியையே அவளிடம் கேட்கக் கூடாது. சந்தேகம் வந்தால் வெளியே உட்கார வைக்க வேண்டும், மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மறுபடி களம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2018-ல் இதற்காகவே வந்த ரோவன் சட்டம், ரக்பி ஆட்டங்களில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்த 17 வயதுப் பெண்ணின் பெயரில் வந்தது. அமெரிக்காவில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று 2015-ல் அறிவித்தார்கள். இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது வேண்டாம் என்று 2020-ல் சொன்னார்கள். விதி என்று ஒன்று இருந்தால் கோச்சுக்கும் நல்லது. ஜெயிக்கும் நேரத்தில் ஏன் அவளை வெளியே எடுத்தீர்கள் என்று எந்தப் பெற்றோரும் அவரிடம் சண்டைக்குப் போக முடியாது.

முதலுதவியும், இதயம் நின்றால் நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் சிபிஆரும் இதே வரிசைதான். 2021-ல் டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று களத்தில் சரிந்து விழுந்தபோது சுற்றி நின்றவர்களுக்கு என்ன செய்வது என்று தெரிந்திருந்தது, பிழைத்தார். நம் மைதானத்தில் அந்த இடத்தில் நிற்கப் போவது ஒரு தன்னார்வக் கோச். அப்புறம், நகர்த்தக்கூடிய கோல் போஸ்ட்டைத் தரையோடு இறுக்கிக் கட்டுவது. சாய்ந்து விழுந்த போஸ்ட்டால் உயிர் போன பிள்ளைகள் உண்டு. இதற்குப் படிப்புகூட வேண்டாம், ஆட்டத்துக்கு முன் ஒருவர் போய் அசைத்துப் பார்த்தால் போதும்.

இனி செலவு. மறுதரப்பு சொல்வதில் மிகப் பெரிய உண்மை இங்கேதான் இருக்கிறது. படிப்புக்கான கட்டணத்தைத் தன்னார்வலர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், வார இறுதி முழுக்க வேறோர் இடத்துக்குப் போய்வர வேண்டும் என்றால், முதலில் விலகுகிறவர்கள் வீட்டில் கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்களும் ஷிப்ட் வேலைக்காரர்களும்தான். பெண் கோச்சுகள் கிடைப்பதில்லை என்று புலம்புகிற சங்கங்கள் தங்கள் படிப்பின் நேர அட்டவணையை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆரம்பநிலைப் படிப்புக்குக் கட்டணம் கூடாது, அதைச் சங்கம் ஏற்க வேண்டும். முடியாத இடத்தில் கிளப் ஏற்க வேண்டும். பயிற்றுநர் கிளப்பின் மைதானத்துக்கே வந்து, பயிற்சி நடக்கிற மாலையிலேயே, அந்தக் கோச்சின் சொந்த அணியை வைத்துச் சொல்லித்தர வேண்டும். சின்ன கிளப்புகளுக்குப் படிநிலை லைசென்ஸ் கொடுக்கலாம். கனடாவில் அப்படித்தான் அடிப்படைத் தரத்திலிருந்து தேசிய அளவு வரை படிகளாக வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு விதிகள் மட்டும் கீழ்ப்படியிலிருந்தே முழுசாக இருக்க வேண்டும்.

எங்கள் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப் போவது இதுதான். லைசென்ஸ் விண்ணப்பத்தில் எவ்வளவு சான்றிதழ் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டியல் இணைக்க வேண்டும். சின்ன வயது அணியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு அணிக்கும் யார் கோச், அவர் என்ன படித்திருக்கிறார், அவரோடு நிற்கும் இரண்டாவது பெரியவர் யார். கிளப்பின் மூத்த கோச் மாதத்தில் ஒரு மாலையாவது அண்டர்-8 களத்தில் நின்று, அங்கிருக்கும் பெற்றோர்-கோச்சுக்குக் கைகொடுக்க வேண்டும், அதையும் பட்டியலில் எழுத வேண்டும். சரிபார்க்க வருகிறவர் கோப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு சாதாரணப் பயிற்சி நாளில் வர வேண்டும். சங்கம் கேட்காவிட்டாலும் எங்கள் கிளப் இதைத் தானாகச் செய்யலாம்.

உங்கள் பிள்ளை ஏதாவது ஒரு கிளப்பில் ஆடினால், அடுத்த பதிவுக் கட்டணம் கட்டும்போது இந்தப் பட்டியலைக் கேளுங்கள். வேறு கிளப்புகளின் கமிட்டியில் இருப்பவர்கள், உங்களிடம் இது எப்படி நடக்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். முக்கியமாக, படிப்புச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று சொல்லுங்கள். கூட்டத்தில் முதலில் எழப்போகும் கேள்வி அதுதான்.