ஒம்மாவின் மேல் வளர்ந்த மீன்

(சியோலில் ஒரு தொடுகறிக் கடை. அம்மா முட்டைக்கோஸ் இதழ்களுக்கு இடையே மிளகாய் விழுதைத் தடவுகிறார். மகள் கல்லாவில் உட்கார்ந்து டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறாள். 2 மணி நேரம், 200 கேள்விகள். கொரியாவிலும் அம்மாவை 'ஒம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நமக்கு ஒரு சொல்லை மொழிபெயர்க்கும் வேலை மிச்சம்.)

மகள்: இட்ஸ் குரோயிங் ஆன் மீ... இட்ஸ் குரோயிங் ஆன் மீ...

ஒம்மா: உன் மேல் என்னடி வளர்கிறது? பூஞ்சையா? ஈரத் தலையோடு படுக்காதே என்று எத்தனை தடவை சொன்னேன்!

மகள்: ஐயோ, இது ஆங்கிலம். முதலில் பிடிக்காதது பழகப் பழகப் பிடித்துப்போனால் இப்படிச் சொல்வார்கள்.

ஒம்மா: அதற்குத்தான் நம்மிடம் 'ஜொங்' இருக்கிறதே, பழகப் பழக வரும் பாசம். அது மனசுக்குள் நுழையும். இவர்களுக்கு மட்டும் ஏன் மேலே முளைக்கிறது?

மகள்: எனக்கென்ன தெரியும்! நம் மொழியில் உருபெல்லாம் பெயர்ச்சொல்லோடு சமர்த்தாக ஒட்டிக்கொள்ளும். இங்கே 'ஆன்' போய் வினைச்சொல்லின் வாலைப் பிடித்துத் தொங்குகிறது. அர்த்தமே மாறிவிடுகிறது. நீயே ஒரு உதாரணம் சொல்லு.

ஒம்மா: ஹோங்ஓ! கல்யாணமாகி மொக்போவில் மாமியார் வீட்டுக்குப் போன முதல் நாள், புளித்த திருக்கை மீனைத் தட்டில் வைத்தார்கள். கழுவாத கழிவறைக் கதவைத் திறந்த மாதிரி அமோனியா நெடி மூக்கில் ஏறியது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். மருமகள் தாய்வீட்டை நினைத்து அழுகிறாள் என்று மாமியார் இன்னும் இரண்டு துண்டு வைத்தார்.

மகள்: இப்போது?

ஒம்மா: இப்போது வெந்த பன்றி இறைச்சி, நன்றாகப் புளித்த கிம்ச்சி, ஹோங்ஓ மூன்றையும் ஒரே வாயில் போடாவிட்டால் அது எனக்கு விருந்தே இல்லை. ஐ குரூ ஆன் ஹோங்ஓ!

மகள்: தப்பு. அப்படிச் சொன்னால் மீனுக்கு உன்னைப் பிடித்துப்போனதாக அர்த்தம். மீனை முன்னால் வை: ஹோங்ஓ குரூ ஆன் மீ.

ஒம்மா: மாமியார் வீட்டில்தான் மீனுக்கு முதல் மரியாதை என்று நினைத்தேன். ஆங்கிலத்திலுமா?

மகள்: சரி, அப்பாவை வைத்து ஒன்று சொல்லு.

ஒம்மா: அவரோடு சண்டை போட்டுப் போட்டு வந்த 'மியுன் ஜொங்' அல்லவா அது! அவரைப் பிடித்துப்போகும் வேலை இன்னும் முடியவில்லை என்றால் எப்படிச் சொல்வது?

மகள்: ஹீ இஸ் குரோயிங் ஆன் மீ.

ஒம்மா: அதையே எழுதிக்கொள். 28 வருடமாக.